ஹாலோவீன் ஒப்பனை, உடை, அலங்காரம்: பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அக்டோபர் பிறந்துவிட்டால் வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வாழும் நம்மவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்த ஆண்டு என்ன வேடம்? பிள்ளைகளுக்குக் கடையில் தைத்த உடை கிடைத்துவிடும். பெரியவர்கள்தான் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டுவிட்டு, 31ஆம் தேதி மாலை கண்ணாடி முன்னால் நின்று திண்டாடுகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே உள்ளன. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முகம் முழுவதையும் பூசி மறைக்காதீர்கள். ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அதை ஒழுங்காகச் செய்யுங்கள். மீதியை உங்கள் சொந்தத் தோலும் நிழலும் பார்த்துக்கொள்ளும்.

இது குழந்தைகளின் கொண்டாட்டம்தானே? பெரியவர்களுக்கு எதற்கு வேடம்?

மிட்டாய்ப் பை ஏந்தி வீடு வீடாகப் போகும் வழக்கம் அமெரிக்காவில் பரவலானது 20ஆம் நூற்றாண்டில்தான். வேடம் அதைவிடப் பழையது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் ‘சாவின்’ (Samhain) என்ற விழாவின் இரவில் ஆவிகள் உலவும் என்ற நம்பிக்கை இருந்தது. பிற்காலத்தில் ஸ்காட்லாந்து இளைஞர்கள் அந்த இரவில் முகத்தில் கரி பூசி, அடையாளம் தெரியாதபடி உடுத்தி ஊரைச் சுற்றினார்கள். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்கு அனைத்துப் புனிதர் திருநாள். அதற்கு முந்தைய மாலைதான் ஹாலோவீன். 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறிய ஐரிஷ், ஸ்காட்டிஷ் மக்களோடு இந்த வழக்கமும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு செய்தவர்களுக்கு அங்கே பூசணிக்காய் வசதியாகக் கிடைத்தது.

பெரியவர்களின் விருந்துக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டென்னிசன் என்ற காகித நிறுவனம் 1909இல் ‘போகி புக்’ என்ற சிறு புத்தகத்தை வெளியிட்டது. ஹாலோவீன் விருந்துக்கு வீட்டை எப்படி அலங்கரிப்பது, க்ரேப் தாளில் உடை எப்படித் தைப்பது என்பதெல்லாம் இந்த வரிசைப் புத்தகங்களில் வந்தன. தாள் விற்கத்தான் அந்த ஏற்பாடு என்றாலும், வேடத்தை வீட்டிலேயே செய்துகொள்ளும் பழக்கத்துக்கு அது நன்றாகவே தீனி போட்டது. இன்று இந்தக் கலையின் மறுகோடியில் நிற்பவர் மாடல் ஹைடி க்ளும். 2000 முதல் ஹாலோவீன் விருந்து நடத்திவரும் அவர், 2022இல் கை கால் தெரியாத மண்புழுவாக வந்து இறங்கினார். அந்த அளவுக்கு நாம் போகவேண்டியதில்லை.

மாநிறத் தோலில் வெள்ளைச் சாயம் பூசினால் சாம்பல் படிந்ததுபோல் தெரிகிறது. ஏன்?

நம் வாசகர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். இணையத்தில் கிடைக்கும் ஒப்பனைப் பாடங்களில் பெரும்பாலானவை வெளிர் தோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. வெளிர் தோலில் ஒரு மெல்லிய பூச்சே போதும். பழுப்புத் தோலில் அதே மெல்லிய வெள்ளைக்கு அடியிலிருந்து தோலின் நிறம் எட்டிப்பார்க்கும். இரண்டும் கலந்து நீலம் பாய்ந்த சாம்பலாகிவிடும். உடனே நாம் செய்வது இன்னும் அள்ளிப் பூசுவது. அரை மணி நேரத்தில் மூக்கோரத்திலும் சிரிக்கும் கோடுகளிலும் அது வெடித்துவிடும்.

வெள்ளைதான் வேண்டும் என்றால், நீரில் குழைக்கும் சாயத்தைவிடக் கிரீம் சாயம் நல்லது. தூய வெள்ளையைத் தவிர்த்து, மஞ்சள் சாயல் கொண்ட தந்த நிறத்தை எடுங்கள். அந்த மஞ்சள், சாம்பல் நீலத்தை அடக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் அங்கே மட்டும் முதலில் ஆரஞ்சு நிறத் திருத்தி (கலர் கரெக்டர்) ஒரு பொட்டு. சாயத்தை இழுத்துத் தேய்க்காமல் பஞ்சால் ஒற்றி ஒற்றி வையுங்கள். மெல்லிய ஒரு பூச்சு, மேலே பவுடர், பிறகு இரண்டாவது பூச்சு, மறுபடி பவுடர். காதையும் கழுத்தையும் மறந்துவிட்டால் முகமூடி மாட்டியதுபோல் இருக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் வெள்ளையே வேண்டாம். ரத்தக்காட்டேரி என்றால் வெளுத்திருக்கவேண்டும் என்று யார் சொன்னது? கன்னக்குழியிலும் நெற்றிப் பொட்டிலும் கத்திரிப்பூ சாயல் கொண்ட பழுப்பு ஐஷேடோவைத் தடவி, கீழ் இமையோரம் ஒயின் சிவப்பைச் சற்றுக் கலைத்துவிட்டால் மாநிற முகத்தில் நோய் கண்ட களை வந்துவிடும். சூனியக்காரிப் பச்சைக்கும் இதே கணக்கு: நீலம் கலந்த பச்சை மங்கிப்போகும், மஞ்சள் கலந்த பச்சை எடுபடும். கன்றிப்போன காயத்துக்கு வெளிர் தோல் பாடங்களில் வரும் மஞ்சளும் வெளிர் நீலமும் நம்மிடம் தெரியவே தெரியாது. கரும் ஊதா, மெரூன், கிட்டத்தட்டக் கறுப்பான பழுப்பு, இவைதான் நம் காயத்தின் நிறங்கள்.

மண்டையோட்டு முகத்தை வீட்டிலேயே வரைய முடியுமா?

முடியும். முதல் முயற்சிக்கு இதைவிட நல்ல வேடம் கிடையாது. கறுப்பு ஐலைனர் பென்சில், கறுப்பும் அடர் பழுப்புமான பளபளப்பில்லாத ஐஷேடோ, கொஞ்சம் தந்த நிறக் கிரீம், இரண்டு பிரஷ் போதும்.

படத்தைப் பார்த்து வரையாதீர்கள். விரலால் உங்கள் எலும்பைத் தேடுங்கள். புருவத்துக்குக் கீழே அழுத்தினால் கண்குழியின் விளிம்பு தட்டுப்படும். அந்த விளிம்பையே பென்சிலால் சுற்றிவந்து உள்ளே கறுப்பை நிரப்புங்கள். பலரும் இமையோடு நிறுத்திவிடுகிறார்கள். குழி புருவம்வரை மேலேயும் கன்ன எலும்பின் தலைவரை கீழேயும் போகிறது. மூக்கின் நுனியிலும் இரு பக்கத்திலும் தலைகீழ் இதய வடிவம். வாயைச் சற்றுத் திறந்தால் கன்ன எலும்புக்குக் கீழே ஒரு பள்ளம் விழும். காதிலிருந்து அந்தப் பள்ளத்தின் வழியே வாய் மூலையை நோக்கி, போகப் போக மங்கும்படி கறுப்பைத் தேய்த்துவிடுங்கள். கோட்டின் மேல் விளிம்பு கூர்மையாகவும் கீழ் விளிம்பு கலைந்தும் இருந்தால்தான் எலும்பு முன்னே துருத்தியதுபோல் தோன்றும். இரண்டு பக்கமும் கூர்மையாக இருந்தால் அது வெறும் கறுப்புப் பட்டை.

பற்களை உதட்டின் மேலேயே வரையவேண்டும். நடுவில் அகலமான இரண்டு, ஓரம் போகப் போகக் குறுகலாக. ஒவ்வொரு பல்லுக்கும் இடையே உள்ள கோடு உதட்டைத் தாண்டி மேலும் கீழும் சற்று நீளட்டும். அதுதான் பல்லின் வேர். தந்த நிறத்தை நெற்றி மேடு, கன்ன எலும்பின் உச்சி, தாடையின் விளிம்பு ஆகிய இடங்களில் மட்டும் ஒற்றுங்கள். மற்ற இடமெல்லாம் உங்கள் தோல் அப்படியே இருக்கட்டும். நேரம் குறைவென்றால் பாதி முகத்தை மட்டும் எலும்பாக்கி, மறு பாதியில் வழக்கமான அழகு ஒப்பனை போடுங்கள். முழு முகத்தைவிட அதற்குத்தான் மதிப்பு கூடும்.

பொய்க் காயமும் பொய் ரத்தமும் செய்வது எப்படி?

வெட்டுக்காயத்துக்கு ஒப்பனைக் கடைகளில் விற்கும் காய மெழுகு எளிது. பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து, தோலில் ஒட்டி, ஓரங்களைத் துளி வாஸ்லின் தொட்ட விரலால் தோலோடு தோலாக இழைத்துவிடுங்கள். ஓரம் தெரிந்தால் காயம் பொய் என்று தெரிந்துவிடும். வேலை முழுவதும் அந்த ஓரத்தில்தான். பிறகு நடுவில் ஒரு பற்குச்சியால் கீறி, உள்ளே அடர் மெரூன், அதன் நடுக்கோட்டில் கறுப்பு, வெளியே சொரசொரப்பான பஞ்சால் சிவப்பைப் புள்ளி புள்ளியாக ஒற்றுங்கள். மெழுகு முழங்கை, வாயோரம் போன்ற அசையும் இடங்களில் நிற்காது. நெற்றி, கன்னம், முன்கை நல்ல இடங்கள்.

உரிந்த தோல் வேண்டுமென்றால் டிஷ்யூ தாளும் திரவ லேடெக்ஸும். தாளைக் கையால் கிழியுங்கள். கத்தரித்த ஓரம் கோடாகத் தெரியும். புருவத்திலும் மீசை தாடியிலும் லேடெக்ஸ் படக்கூடாது. உரிக்கும்போது முடியும் சேர்ந்து வரும். பலூனோ ரப்பர் கையுறையோ பட்டால் அரிப்பவர்கள் அதன் பக்கமே போகவேண்டாம். வாழைப்பழம், கிவி, அவகாடோ ஒத்துக்கொள்ளாத சிலருக்கும் லேடெக்ஸ் ஒத்துக்கொள்ளாது என்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம்.

ரத்தத்துக்குக் கார்ன் சிரப்பில் சிவப்பு உணவுச் சாயம், ஒரு சிட்டிகை கோகோ பவுடர், நீலச் சாயம் ஒரே ஒரு துளி. நீலம் இல்லாவிட்டால் ரோஸ்மில்க் போல் இருக்கும். உறைந்த ரத்தத்துக்குக் கொஞ்சம் காப்பித்தூள். இது தோலிலும் துணியிலும் கறை பிடிக்கும். வாடகை வீட்டின் வெளிர் நிறச் சோபாவில் உட்காரும் திட்டம் இருந்தால், காய்ந்த ரத்தம் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணின் நிறத்தை மாற்றும் லென்ஸ் போடலாமா?

கண் மருத்துவர் அளவெடுத்து எழுதித் தந்தால் போடலாம். இல்லாவிட்டால் கூடாது. இதில் நான் கறார்.

அமெரிக்காவில் 2005 முதல் எல்லா வகைக் கான்டாக்ட் லென்ஸும், பார்வைக் குறையே இல்லாதவர்கள் அலங்காரத்துக்குப் போடுவது உட்பட, சட்டப்படி மருத்துவச் சாதனங்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்பது சட்டவிரோதம். பிரிட்டனிலும் தகுதி பெற்றவரின் மேற்பார்வையில்தான் விற்கலாம். ஆனாலும் அக்டோபரில் சந்தைக் கடைகளிலும் இணையத்திலும் ‘எல்லாருக்கும் பொருந்தும்’ என்று விற்கிறார்கள். எல்லாருடைய கருவிழியும் ஒரே வளைவு இல்லை. பொருந்தாத லென்ஸ் கருவிழியைக் கீறும், கீறலில் கிருமி புகும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் தொற்றும் ஆபத்தும் உண்டு. அது பார்வையையே பறிக்கக்கூடியது. முறையாக வாங்கிய லென்ஸையும் தோழியோடு மாற்றிப் போடாதீர்கள், போட்டபடி தூங்காதீர்கள். கண் சிவந்து வலித்தாலோ வெளிச்சம் கூசினாலோ உடனே கழற்றிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

லென்ஸ் இல்லாமலே கண்ணைப் பயங்கரமாக்க வழி இருக்கிறது: கீழ் இமையின் உள்விளிம்பில் கண்ணுக்கென்றே செய்த சிவப்புப் பென்சில், வெளியே மெரூன் நிழல். இரவு வெளிச்சத்தில் பார்ப்பவருக்கு அதுவே போதும்.

இருட்டில் ஒளிரும் சாயம், மினுமினுப்புத் தூள் இவற்றைக் கண்ணருகே போடலாமா?

கூடாது. புற ஊதா ஒளி தரும் ‘கறுப்பு விளக்கில்’ பளிச்சிடும் ஃபுளோரசன்ட் நிறமிகளில் எதையும் கண்ணருகே பயன்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதிக்கவில்லை. இருட்டில் தானாக ஒளிரும் துத்தநாக சல்பைடுக்கும் அதே விதி. அது எப்போதாவது ஒருநாள் போட்டுக்கொள்ளத்தான், தினப்படிக்கு அல்ல. கன்னத்தில், கழுத்தில் போடுங்கள். மினுமினுப்பில், கைவினைக் கடையில் விற்பது அட்டையில் ஒட்டுவதற்கு. அதன் ஓரங்கள் கூர்மையானவை, கண்ணில் விழுந்தால் கீறும். முகத்துக்கு, ஒப்பனைக்கென்று குறிப்பிட்டது மட்டும்.

ஒவ்வாமை வராது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரிரு நாள் முன்பே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் பூசிப் பாருங்கள். தடிப்போ அரிப்போ வந்தால் அந்தச் சாயம் வேண்டாம். புதிய சாயம், பசை, லேடெக்ஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். டப்பாவில் மூலப்பொருள் பட்டியலே இல்லாத சாயத்தை வாங்கவே வேண்டாம்.

சூனியக்காரி ஏன் பச்சை நிறம்?

1939இல் வண்ணத்தில் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படம்தான் அந்த உருவத்தை எல்லார் மனத்திலும் பதித்தது. சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டனுக்குப் பூசிய பச்சையில் செம்பு கலந்திருந்தது. நெருப்புக் காட்சி ஒன்றில் அவருக்கு முகத்திலும் கையிலும் தீக்காயம் பட்டபோது, அந்த நச்சுச் சாயத்தைக் காயத்தின் மேலிருந்தே துடைத்தெடுக்கவேண்டியதாயிற்று. இன்றைய ஒப்பனைச் சாயங்களில் அந்தப் பயம் இல்லை. தீயின் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்குக் கீழே வருகிறேன்.

பூக்களும் கோலமும் போட்ட மெக்சிகோ மண்டையோட்டு ஒப்பனையைப் போடலாமா?

அது ஹாலோவீன் வேடம் அல்ல என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். மெக்சிகோ மக்கள் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்த உறவினரை வரவேற்றுப் படையல் வைக்கும் நாட்களுக்கு உரியது அது. 2008இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்ற வழிபாடு. அந்த நாட்களின் அடையாளமாகிவிட்ட, அகலத் தொப்பி அணிந்த எலும்புச் சீமாட்டியை முதலில் வரைந்தவர் ஹோசே குவாதலூப்பே போசாதா என்ற செதுக்கோவியர். ஐரோப்பிய நாகரிகத்தைப் பார்த்து மயங்கியவர்களைக் கேலி செய்ய 1910களில் அவர் செதுக்கிய படம் அது. பின்னர் டியேகோ ரிவேரா தன் சுவரோவியத்தில் அவளுக்கு முழு உருவமும் உடையும் தந்தார். மெக்சிகோ நண்பர்கள் அழைத்து அவர்களோடு போடுவது வேறு. விருந்தில் ரத்தம் சொட்டச் சொட்ட அதைப் போடுவது, நம் வீட்டுத் திதியன்று யாராவது வேடிக்கைக்காக வந்து நிற்பதுபோல்தான். இன்னொன்று: வேறொரு இனத்தவராகத் தோன்றுவதற்காகத் தோலின் நிறத்தைக் கறுப்பாக்குவது எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம்.

வெள்ளைச் சேலை மோகினி வேடம் எடுபடுமா?

எடுபடும். எலும்புக்கூடுகளும் சூனியக்காரிகளும் நிறைந்த கூட்டத்தில் அவள் தனியாகத் தெரிவாள். கசங்கிய பருத்திச் சேலை, எண்ணெய் வைக்காமல் விரித்துவிட்ட கூந்தல், மல்லிகைச் சரம், கண்ணைச் சுற்றி மட்டும் கரும் நிழல். முகத்தில் வேறெதுவும் வேண்டாம். கால் தரையில் பாவாது என்பது கதை. சேலையை இரண்டு அங்குலம் கீழே இறக்கிக் கட்டினால் பாதம் மறையும், ஆனால் படியேறும்போது தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உடைக்கு அதிகம் செலவழிக்காமல் என்ன செய்வது?

பழைய துணிக் கடைகள்தான். அமெரிக்காவில் குட்வில், கனடாவில் வேல்யூ வில்லேஜ், பிரிட்டனில் ஆக்ஸ்பாம் போன்ற கடைகள். கறுப்பு வெல்வெட் அங்கி, லேஸ் வைத்த சட்டை, பெரிய அளவு ஆண்கள் கோட்டு இருந்தால் பாதி வேடம் முடிந்தது. கல்லறையிலிருந்து எழுந்ததுபோல் துணியைப் பழசாக்கத் தேயிலைக் கொதிநீரில் ஊறவையுங்கள். பருத்தி நன்றாகப் பிடிக்கும், பாலியெஸ்டர் பிடிக்காது. முழங்கை, விளிம்பு ஆகிய இடங்களைத் தேங்காய் துருவியால் தேய்த்துக் கிழியுங்கள். கத்தரியால் வெட்டிய கிழிசல் கத்தரியால் வெட்டியதாகவே தெரியும்.

தீயின் சேதி இதுதான்: வாசல்தோறும் பூசணி விளக்கு எரியும் இரவில் தொங்கும் சட்டைக் கைகளும் தரையில் புரளும் அங்கியும் ஆபத்தானவை. பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். உங்கள் வீட்டிலாவது பேட்டரி விளக்கு வையுங்கள்.

அக்டோபர் கடைசி இரவு டொராண்டோவில் நன்றாகவே குளிரும். வேடத்துக்கு மேல் ஜாக்கெட் போட்டால் வேடம் போய்விடும் என்பதால் உள்ளே தெர்மல் உடை போடும் அளவுக்குத் தளர்வாக வாங்குங்கள். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் முகமூடி போட்டால் பனி படிந்து ஒன்றும் தெரியாது, சாயம்தான் நல்லது.

அலுவலக விருந்துக்கு ரத்தமெல்லாம் வேண்டாம். மெல்லிதாக என்ன செய்யலாம்?

கறுப்பு உடை, ஒயின் நிற உதட்டுச்சாயம், பளபளப்பில்லாத கறுப்பு நகப்பூச்சின் நுனியில் மட்டும் பளபளக்கும் மேல்பூச்சு. வேண்டுமானால் கண்ணின் வெளி மூலையில் ஐலைனரால் சிறிய சிலந்தி வலை. மதியக் கூட்டத்தில் மேலாளர் எதிரில் உட்கார்ந்தாலும் கூச்சமாக இருக்காது.

கோரைப்பல்லுக்கும் தலைமுடிக்கும் என்ன செய்வது?

சுடுநீரில் மென்மையாகும் பிளாஸ்டிக் மணிகளோடு வரும் பொய்ப்பல்லை வாங்குங்கள். மணி ஆறத் தொடங்கியதும் பல்லில் அழுத்தினால் உங்கள் பல்லின் அச்சு விழும். நகப் பசையோ சூப்பர் பசையோ வாய்க்குள் போகவே கூடாது.

நம் கருங்கூந்தலில் கழுவினால் போகும் திரவ முடிச்சாயங்கள் தெரியாது. தெளிக்கும் ஸ்ப்ரேயும் முடிச் சாக்குக்கட்டியும் தெரியும். முதல்நாள் தலைக்குக் குளித்து எண்ணெய்ப் பசை இல்லாமல் இருந்தால்தான் பிடிக்கும். நெற்றியோரம் ஒரே ஒரு வெள்ளைக் கற்றை போதும், விக் வேண்டாம்.

எல்லாவற்றையும் கலைப்பது எப்படி?

தேய்க்காதீர்கள். கிரீம் சாயத்தை எண்ணெய்தான் கரைக்கும். நாட்டியம் ஆடுபவர்கள் வீட்டில் இது தெரிந்த கதை: தேங்காய் எண்ணெயைக் கையில் ஊற்றி முகம் முழுவதும் வழியவிட்டு, ஒரு நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடைப்பார்கள். பரு வரும் தோல் என்றால் தேங்காய் எண்ணெய்க்குப் பதில் கழுவினால் போகும் கிளென்சிங் எண்ணெய். பிறகு மென்மையான முகக்கழுவி, ஈரப்பதக் கிரீம். நீரில் குழைத்த சாயத்துக்குச் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும். ஒட்டுப் பசைக்கு அதற்கென்று விற்கும் நீக்கியைத் தடவி, தானாகக் கழன்று வரும்வரை காத்திருங்கள். பச்சையும் சிவப்பும் ஒருநாள் மங்கலாக நிற்கலாம். மறுநாள் காலை முக்கியமான சந்திப்பு இருந்தால் அந்த இரண்டு நிறங்களையும் தவிருங்கள்.

மிஞ்சிய சாயத்தை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாமா?

பவுடர், ஐஷேடோ, பென்சில் இவற்றை வைத்துக்கொள்ளலாம். பென்சிலைச் சீவிவிட்டு மூடி போடுங்கள். கிரீம் சாயத்தின் வாடை மாறியிருந்தாலோ எண்ணெய் பிரிந்து நின்றாலோ எறிந்துவிடுங்கள். திரவ லேடெக்ஸ் திறந்த பின் மெல்ல மெல்லக் கெட்டியாகும், அடுத்த அக்டோபரில் பெரும்பாலும் புட்டிக்குள் ரப்பர் உருண்டைதான் இருக்கும். மஸ்காராவும் திரவ ஐலைனரும் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். பஞ்சுகளை அன்றிரவே குப்பையில் போடுங்கள், பிரஷ்களைக் கழுவிக் கவிழ்த்துக் காயவையுங்கள்.